சிறு கடையின் அன்றாடக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிறு கடையின் நிர்வாக ஒழுங்கு மூன்று வேலைகளில் அடங்கிவிடும்: ராத்திரி கல்லாக் கணக்கு, வாரம் ஒருமுறை சரக்கு இருப்பும் கடன் பாக்கியும், காலாண்டுக்கு ஒருமுறை வரி. இவற்றைப் பற்றிப் பெங்களூரில் உலவும் சில நம்பிக்கைகளை 2025 ஜூலை சோதித்துப் பார்த்தது.

நம்பிக்கை: யுபிஐ வந்தபின் தனிக் கணக்கு எதற்கு? எல்லாம் போனிலேயே இருக்கிறது.

உண்மை: போனில் இருப்பது வரவு, விற்பனை அல்ல. 2021-22 முதலான யுபிஐ வரவுகளை வைத்துக் கர்நாடக வணிக வரித்துறை காண்டிமென்ட்ஸ், பேக்கரி, டீக்கடை என ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறிக் கடை ஒன்றுக்குக்கூட சுமார் 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதுதான் வேடிக்கை. கைமாற்று, சீட்டுப் பணம், மைத்துனர் அனுப்பியது எல்லாம் கடையின் கியூஆரிலேயே விழுந்திருந்தால், எது வியாபாரம், எது வீடு என்று பிரித்துக் காட்ட அன்றன்று எழுதிய நோட்டுதான் கைகொடுக்கும்.

எழுதுவது பத்து நிமிட வேலை. காலையில் கல்லாவில் சில்லறை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகலில் பால்காரருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்தது 1,100. ராத்திரி எண்ணினால் 9,400. ஆக, ரொக்க விற்பனை 8,500. யுபிஐயில் வந்தது 11,300. அதில் 3,000 கைமாற்று. அன்றைய மொத்த விற்பனை 16,800. கைமாற்றுக்கு எதிரே யார் கொடுத்தது என்று ஒரு சொல் எழுதிவிட்டால் போதும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 1,100 நினைவில் நிற்காது.

நம்பிக்கை: ரொக்கமாக வாங்கினால் வரி வராது.

உண்மை: நோட்டீஸ் வந்த கையோடு பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ என்று எழுதி ஒட்டினார்கள். சட்டம் பார்ப்பது மொத்த விற்றுமுதலை. பணம் எந்த வழியில் வந்தது என்பதை அல்ல. பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சமும், சேவை என்றால் 20 லட்சமும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வரிவிலக்குப் பொருள் மட்டும் விற்பவருக்குத் தேவையில்லை. உட்கார்ந்து சாப்பிடும் டிபன் கடை சேவைக் கணக்கில் வரும். 40 லட்சம் பெரிய தொகையாகத் தெரியலாம். நாள் கணக்கில் அது 11,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. 20 லட்சம் என்றால் சுமார் 5,500. மேலே நாளுக்கு 16,800 விற்றதாகச் சொன்ன கடை எப்போதோ வரம்பைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட கடைக்குத் தொகுப்பு வரித் திட்டம் இருக்கிறது: ஒன்றரைக் கோடி விற்றுமுதல் வரை வியாபாரிக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது.

நம்பிக்கை: வாரத்தில் ஒருநாள் மூடினால் வாடிக்கை போய்விடும்.

உண்மை: காந்தி பஜார் வித்யார்த்தி பவன் உணவகம் 1943இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. 1924இல் தோன்றிய எம்டிஆரின் லால்பாக் சாலை உணவகம் திங்கட்கிழமை திறப்பதில்லை. கிழமை மாறாதவரை வாடிக்கையாளர் தம்மைப் பழக்கிக்கொள்கிறார். நினைத்தபோது மூடும் கடைதான் ஆளை இழக்கிறது. ஊழியருக்கு வாரம் ஒருநாள் முழு விடுப்பு தருவதை 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் சட்டமும் கட்டாயமாக்குகிறது. சரக்கு எண்ணவும் கடன் பாக்கி பார்க்கவும் அந்த நாளே தோது.

நம்பிக்கை: கணக்கெல்லாம் ஆடிட்டர் வேலை.

உண்மை: கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் ஆடிட்டர் அடுக்க முடியும். பதிவு பெற்றவர் கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மொத்தக் கடைகள் தெர்மல் தாளில் தரும் பில் அதற்குள் வெளுத்துப்போகும். சரக்கு இறங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பதையும் ராத்திரி வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.