‘எந்த வரியில இருக்கு?’

பத்தியைக் கொடுத்துக் கீழே ஐந்து கேள்வி கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் விழுந்துவிடும். இந்தக் குறுக்குவழியை அடைக்க, அவர்களுக்கே ஆளுக்கொரு கருத்து இருக்கிற பொருள் வேண்டும். அந்த வயதில் அது நட்பு.

முதல் வேலை, கதையைத் தேர்வது. எல்லாம் நல்லபடி நடக்கிற நட்புக் கதையில் கேட்க ஒன்றும் இருக்காது. கோப்பெருஞ்சோழன் கதை கச்சிதம். மகன்கள் எதிர்த்து எழ, உறையூர்ச் சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விடத் துணிகிறான். நேரில் பார்த்தே இராத புலவர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்கிறான். அவரும் வருகிறார். கூடவே வடக்கிருக்க நினைத்த நண்பர் பொத்தியாரையோ, மனைவி கருவுற்றிருப்பதால், பிள்ளை பிறந்தபின் வரச் சொல்லி அனுப்பிவிடுகிறான். புறநானூற்றில் பல பாடல்களில் பரவிக் கிடக்கும் இதை ஆசிரியரே ஒரு பக்க உரைநடையாக எழுதிக்கொள்ளலாம்.

வகுப்பில் முழுக்கதையையும் ஒரே மூச்சில் கொடுக்கக் கூடாது. சோழன் இடம் ஒதுக்கச் சொல்லும் வரியோடு தாளை மடிக்கச் சொல்லி, புலவர் வருவாரா மாட்டாரா என்று கேட்க வேண்டும். “வரமாட்டாரு சார், பார்த்ததே இல்லையே!” என்று ஒரு குரல் கட்டாயம் எழும். உடனே ஆசிரியர் கேட்க வேண்டியது: “எந்த வரியில இருக்கு? காட்டு.” இதை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விட்டால், பேச்சு போன வாரம் சண்டை போட்ட சிநேகிதன் கதைக்குப் போய்விடும். கேட்கச் சுவைதான்; வாசிப்புக்கு உதவாது.

மெனக்கெட வேண்டியது கேள்விகளில். ‘சோழன் ஏன் வடக்கிருந்தான்?’ என்பதற்கு விடை தாளிலேயே இருக்கிறது. அந்த வகையில் ஒன்று போதும். ‘ஒரு நண்பருக்கு இடம் வைத்தவன் இன்னொருவரை ஏன் அனுப்பினான்?’ என்பதற்கு இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். “அனுப்புனதும் அன்புதான்” என்று சொல்லி, பொத்தியாரின் மனைவி பற்றிய வரியில் விரல் வைக்கிற மாணவி புரிந்து படித்திருக்கிறாள். ‘மகன்களின் தரப்பு கதையில் ஏன் இல்லை?’ என்று கேட்டால் சுட்டிகளே திணறுவார்கள். திணறட்டும்.

பெரிய வகுப்பென்றால் நால்வர் குழு. அமெரிக்க ஆய்வாளர்கள் பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட முறையைத் தழுவியது இது: ஒருவர் அடுத்து நடப்பதைக் கணிப்பார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாததை விளக்குவார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். பத்திக்குப் பத்தி வேலை மாறும். தடங்கலின்றி வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த ஆய்வாளர்கள் தங்கள் முறையைச் சோதித்தார்கள். நம் வகுப்புகளிலும் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக அரைப் பக்கம் எழுதட்டும்: வீடு திரும்பிய பொத்தியார் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? கதையில் உள்ள இரண்டு செய்திகளாவது அதில் வர வேண்டும். அன்றைக்கு மட்டும் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம்.

அடுத்த பாடத்துக்கு அலைய வேண்டியதில்லை. திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியவையே. வழக்கம்போல 79இல் தொடங்காமல், 83ஆம் அதிகாரமான ‘கூடா நட்பு’ பக்கத்தைத் திறந்து பாருங்கள்; பதினான்கு வயதுக்காரர்களுக்கு அங்கேதான் பேச நிறைய இருக்கும்.