புளி போட வேண்டாம்

கூரம்

அன்புள்ள மகனுக்கு,

ஆயாவின் சுருக்குப்பையில் இருந்த காசுகளை விற்கப் போவதாகவும், அதற்குமுன் புளி போட்டுத் தேய்த்து வைக்கட்டுமா என்றும் போனில் கேட்டாய். வேண்டாம். பூஜையில் வைத்த மஞ்சள் குங்குமம் ஒட்டியிருந்தால்கூட அப்படியே இருக்கட்டும்.

வெள்ளி ரூபாயை வாங்குபவர்கள் இரண்டே ரகம். நகைக்கடைக்காரர் எடைக்கு எடுப்பார். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான். கறுத்திருந்தால் அவருக்கு என்ன, உருக்கத்தானே போகிறார்! இன்னொருவர் நாணயம் சேர்ப்பவர். லென்ஸை வைத்துக்கொண்டு ராணியின் கூந்தல் இழை தேயாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். விபூதி போட்டுத் துடைத்தால் மேடான அந்த இழைதான் முதலில் மழுங்கும். மயிரிழைக் கீறல்கள் விழும். பளபளப்பைக் கண்டதுமே அவர் விலையை இறக்கிவிடுவார். போலிகள் உலவுகிற 1939 ரூபாய் மாதிரி அரிய காசு என்றால் சந்தேகமே வந்துவிடும். ஆக, நீ தேய்க்கிற கூலியைக் கொடுக்க ஆளே இல்லை.

செம்புக் காசின் பழுப்பு அழுக்கு அல்ல, அதன் மேல்தோல். புளியின் புளிப்பு அதை அரித்து உள்ளே இருக்கும் செக்கச்சிவந்த செம்பைக் காட்டும். கொஞ்ச நாளில் திட்டுத் திட்டாக மறுபடி கறுக்கும். பழைய நிறம் திரும்பாது.

எழும்பூர் மியூசியத்தில் சிலைகளைச் சுத்தம் செய்யவில்லையா என்று வாதாடுவாய். நம் ஊர் நடராஜர் இருப்பதும் அங்கேதான். 1930இல் தொடங்கிய அவர்களின் ஆய்வுக்கூடம் செம்பை அரிக்கும் நோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம்; பளபளப்புக்காக நடப்பதில்லை. உன்னிடமும் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி பூத்த காசு இருந்தால் தனியே காகிதத்தில் மடித்து வை.

ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். ஏர் ஓட்டும்போது கிடைத்தது என்று யாராவது சொல்லி அந்தப் பையில் போட்ட காசு இருக்கிறதா என்று உன் அப்பாவிடம் கேள். நிலத்தில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் வருஷச் சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது. அதைப் பரம்பரைக் காசோடு கலந்து விற்காதே.

காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாய்க்குச் சேர்ப்பவரிடம் விலை குறைவுதான். அதற்காக வளையத்தை அறுக்கவும் போகாதே, தழும்பு இன்னும் மோசம். எல்லாவற்றையும் விளிம்பைப் பிடித்து எடு. மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் பிசுபிசுவென்று பச்சை படியும். காகித உறையே போதும். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி முன்பணம் கேட்டு எவனாவது பேசினால் போனை வைத்துவிடு.

இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, வருஷத்தையும் எழுதி அனுப்பு. இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டபிறகு விற்கலாம்.

உன்
பெரியப்பா