மாத்திரைச் செலவுக்குக் காப்பீடு உண்டா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் எங்களுடன் இருக்கும் அப்பாவுக்கு வயது 73. சர்க்கரை, பி.பி. மாத்திரைக்கே மாதம் மூவாயிரம் ஆகிறது. வய வந்தனா அட்டை எடுத்தால் அந்தச் செலவு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அந்த ஆயுஷ்மான் அட்டை (தில்லியில் 2025 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் வரை) ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தோடு சரி. ஆனாலும் எடுத்து வையுங்கள், காசா பணமா! அப்பா மத்திய அரசு ஓய்வூதியரா? மத்திய அரசு சுகாதாரத் திட்ட (சி.ஜி.எச்.எஸ்.) அட்டை இருந்தால் அந்தத் திட்டத்தின் மையத்திலேயே மாத்திரை தருவார்கள். ஆனால் இந்த இரண்டு அட்டைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தனியார் ஓ.பி. (வெளிநோயாளி) பாலிசி விற்க வருபவரிடம், மருந்துக்கு ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, இருக்கிற சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கூடுதல் பிரீமியமே அந்த வரம்பை நெருங்கினால் எதற்கு அந்தப் பாலிசி? டாக்டரிடம் மூலப்பெயரில் சீட்டு எழுதி வாங்கி, மலிவு விலை ஜன் ஔஷதி கடையில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் விலையை முதலில் விசாரியுங்கள்.