கண்டற் சேறும் கைவிடப்பட்ட இறால் தடாகங்களும்

சிலாபம், முந்தல், புத்தளம், கற்பிட்டி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய கரையோரம் மீன்பிடிக்கும் உப்பளத்திற்கும் தென்னைக்கும் பெயர்பெற்றது. இக்கரையின் கடனீரேரிகளைச் சூழ்ந்து கண்டற் காடுகள் வளர்கின்றன. 1980 ஆம் ஆண்டுகளில் இறால் வளர்ப்பு இங்கு பரவத் தொடங்கியபோது, இக்காடுகளிற் பல வெறுஞ் சேற்று நிலமென எண்ணப்பட்டு வெட்டப்பட்டன. அச்சேற்றில் அடங்கியிருந்த பொருள் யாது, நிலம் வெட்டப்பட்டபின் அது எங்கே சென்றது, எஞ்சியதைக் காக்கும் வழி யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

சேற்றில் அடங்கிய காபன்

மரங்கள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள காபனைத் தண்டாகவும் இலையாகவும் வேராகவும் மாற்றுகின்றன. மேட்டு நிலத்தில் உதிரும் இலைகள் விரைவில் உக்கிப்போக, அக்காபனின் பெரும்பகுதி மீண்டும் காற்றை அடைகின்றது. கண்டற் சேறோ எந்நேரமும் நீரில் ஊறியிருப்பது. அதனுள் ஒட்சிசன் புகுவது அரிது. கூட்டெருக் குவியலைப் புரட்டிக் காற்றோட்டம் அளித்தால் அது விரைவில் உக்குமென்பதையும், நீருள் அமிழ்ந்த குப்பை நெடுநாள் உக்காது கிடக்குமென்பதையும் கமக்காரர் அறிவர். கண்டற் காட்டிலும் இதுவே நிகழ்கின்றது. இலையும் வேரும் வண்டலும் நூற்றாண்டுக் கணக்காக அடுக்கடுக்காய்ச் சேர்கின்றன.

நீர் தேங்கிய நெல்வயலில் மெதேன் வாயு உண்டாவதுபோல் இங்கும் பெருமளவில் உண்டாகாதோ என்னும் ஐயம் எழலாம். கடல்நீரிலுள்ள சல்பேற்று, மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் செயலைப் பெரிதும் அடக்கிவிடுகின்றது.

இந்து-பசிபிக் பிராந்தியத்தின் 25 கண்டற் காடுகளை அளந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஒரு ஹெக்டெயரில் சராசரியாக 1,023 தொன் காபன் அடங்கியிருந்தது. அதில் நூற்றுக்கு 49 முதல் 98 பங்கு வரை மண்ணிலேயே இருந்தது. ஆகவே, கண்டற் காட்டின் செல்வத்தை மரத்தின் பருமனைக் கொண்டு மதிப்பிடுதல் தவறாகும்.

தடாகம் வெட்டும்போது நேர்வது

இறால் தடாகம் அமைக்கையில் மரங்கள் அகற்றப்படுகின்றன. சேறு தோண்டப்பட்டு வரம்பாகக் குவிக்கப்படுகின்றது. குவிந்த சேறு உலர்ந்து வெடிக்க, அதனுட் காற்றுப் புகுகின்றது. நெடுங்காலம் உக்காதிருந்த பொருள் அப்போது உக்கத் தொடங்கிக் காபனீரொட்சைட்டாக வெளியேறுகின்றது.

மற்றொரு தீங்கும் உண்டு. கண்டற் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்வைகள் காணப்படும். நீரினுள் தீங்கற்றிருக்கும் இவை, காற்றுப் பட்டதும் சல்பூரிக்கமிலத்தைத் தோற்றுவிக்கின்றன. இதனால் தடாகத்து நீர் புளிப்புற்று இறாலின் வளர்ச்சி குன்றும். உடைமையாளர் சுண்ணாம்பு இடும் செலவுக்கும் ஆளாவர்.

மேலும், ஒல்லாந்தர் கால்வாயையும் கடனீரேரிகளையும் அடுத்த பண்ணைகள், கழிவுநீரை விட்ட நீர்நிலையிலிருந்தே புதுநீரையும் எடுத்தமையால் நோய்கள் எளிதிற் பரவின. 1996 இல் வெண்புள்ளி நோய் பேரழிவை விளைத்தது. பல தடாகங்கள் கைவிடப்பட்டன. உடைமையாளர் நீங்கினும் வரம்புகள் நீங்கவில்லை. கடல்நீர் உட்புகாத அந்நிலங்களில் இறாலும் இல்லை, காடும் இல்லை. காபனின் இழப்போ தொடர்கின்றது.

இழப்பின் அளவு

புத்தளம் கடனீரேரியைச் சுற்றி 1992 முதல் 2012 வரை நிலப் பயன்பாடு மாறிய விதம், வான் நிழற்படங்களையும் செய்மதிப் படங்களையும் கொண்டு ஆராயப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளிற் கண்டற் பரப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. உலகச் சராசரி அளவுகளைக் கொண்டு கணித்தபோது, இழந்த காபன் ஏறத்தாழ 1,91,500 தொன் எனத் தெரியவந்தது. இதில் ஏறக்குறைய முக்காற் பங்கு, கண்டல் நிலம் இறால் தடாகமாக மாறியதால் ஏற்பட்டதாகும்.

ஒரு தொன் காபன் முழுவதும் ஒட்சிசனுடன் சேர்ந்தால் 3.67 தொன் காபனீரொட்சைட்டு உண்டாகும். அவ்வாறாயின் மேற்கூறிய இழப்பு ஏறத்தாழ ஏழு இலட்சம் தொன் வாயுவுக்குச் சமமாகும். இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பது. வெப்பம் மிகுந்து கடல் மட்டம் உயருங்கால் முதலில் வருந்துவது தாழ்ந்த கரையோரமே.

நடுகை மாத்திரம் போதாது

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் பல இடங்களிற் கண்டல் நடப்பட்டது. 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, நடுகைக்குட்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டெயரில் 200 முதல் 220 ஹெக்டெயர் மாத்திரமே வெற்றியளித்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தாத மட்டத்தில் நட்டமையும், நட்டபின் பராமரியாமையும் முக்கிய காரணங்களாகும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரிலும் குறைவு. எனவே நிலமட்டத்திற் சிறு பிழை நேரினும் கன்று நீரில் மூழ்கியோ, நீரின்றி வாடியோ இறந்துபடும்.

கவனிக்கவேண்டியவை

1. எஞ்சியுள்ள கண்டற் காட்டை வெட்டாது காத்தலே முதற் கடமை. இழந்த மரம் சில பத்தாண்டுகளில் வளரக்கூடும். இழந்த சேறு அவ்வாறு மீளாது.

2. இறால் வளர்க்க விரும்புவோர் புதுநிலம் வெட்டாது, முன்னரே வெட்டப்பட்டுப் பயன்படத்தக்க தடாகங்களை உரிய அனுமதியுடன் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

3. கைவிடப்பட்ட தடாகத்தை மீட்கும்போது முதலில் நீரின் வழியைத் திறத்தல் வேண்டும். பழைய ஓடைகள் எங்கிருந்தன என முதியோரிடம் கேட்டறிந்து, அவ்விடங்களில் வரம்பை வெட்டிவிடலாம்.

4. வரம்பு மண்ணைத் தடாகத்தினுள் நிரப்பி, அண்மையிலுள்ள இயற்கைக் கண்டல் நிலத்தின் மட்டத்திற்குக் கொண்டுவருதல் நன்று.

5. தாய்மரங்கள் அருகிலிருப்பின் நீரோடு மிதந்துவரும் முளைகளும் விதைகளும் தாமே வேரூன்றும். இரு மழைக்காலங்கள் பொறுத்திருந்து, வெற்றிடங்களில் மாத்திரம் நடுக.

6. ஒரேயினத்தை எங்கும் நடலாகாது. நீரோரத்திற் கண்டலும், உள்ளே உவர் மிகுந்த இடத்தில் வெண்கண்டலும், மேட்டோரத்தில் தில்லையும் என, அயலிலுள்ள காட்டின் ஒழுங்கைப் பின்பற்றுக.

7. இளங்கன்றுகளை மாடு ஆடுகளிடமிருந்து காத்தல் வேண்டும்.

ஆனைவிழுந்தான் சரணாலயத்தினுள் கைவிடப்பட்ட இறால் தடாகங்களில், இயற்கை மீள்வளர்ச்சிக்குத் துணைசெய்யும் முறையிற் கண்டற் காட்டை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது. எனினும் அரச நிலத்தில் வரம்பு வெட்டுதற்கோ நடுவதற்கோ முன்னர் கரையோரம் பேணல் திணைக்களத்தினதும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினதும் ஆலோசனையையும் அனுமதியையும் பெறுதல் அவசியம். நீர் மீண்டும் ஏறி இறங்கும் தடாகத்தில் சேறு காக்கப்படும், மரம் தழைக்கும், நண்டும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வேர்களிடையே ஒதுங்கி வளரும். அதன் பயன் நில உடைமையாளரை மட்டுமன்றிக் கடனீரேரியில் வலைவீசும் ஒவ்வொரு குடும்பத்தையும் சேரும்.