"குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்பதன் பொருள்

உரம், விதை, சாயம், கஞ்சிப் பொருள் முதலியவற்றைப் பற்றிய அறிக்கைகள் நமது சங்கங்களுக்கு அடிக்கடி வந்து சேருகின்றன. "இதனை உபயோகித்ததால் மகசூலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது" என்னும் வாக்கியம் அவற்றுள் பலவற்றில் இடம்பெறுகிறது. படிப்போர் பெரும்பாலும் இதற்கு "மிகுந்த லாபம் கிடைத்தது" என்று பொருள் கொள்கின்றனர். புள்ளியியலில் அதன் பொருள் அதுவன்று. அங்கத்தினர்களின் பொதுப் பணத்தைச் செலவிடத் தீர்மானிக்கும் நிர்வாகக் குழுவினரும், அத்தீர்மானத்திற்குக் கை உயர்த்தும் அங்கத்தினர்களும் அதன் உண்மைப் பொருளை அறிந்திருத்தல் அவசியம்.

நிலம் ஒருபடித்தானதன்று

இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையம் 1843-இல் தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்த மெர்சர், ஹால் என்னும் இருவர் 1911-இல் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். ஒரே சீராகக் கோதுமை பயிரிட்ட ஓர் ஏக்கர் நிலத்தை அவர்கள் 500 சிறு பாத்திகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு பாத்தியும் ஐந்தில் ஒரு சென்ட் அளவே. ஒவ்வொன்றின் தானியத்தையும் தனித்தனியே அறுத்து நிறுத்தனர். விதையும் சாகுபடி முறையும் ஒன்றே. எனினும் மிகக் குறைந்த பாத்தியில் 2.73 பவுண்டும், மிக அதிகமான பாத்தியில் 5.16 பவுண்டும் விளைந்திருந்தன. ஏறக்குறைய இருமடங்கு வித்தியாசம்!

நல்ல பாத்தியில் மட்டும் ஒரு புதிய உரத்தை இட்டிருந்தால், விளைவு முழுவதும் அவ்வுரத்தின் பெருமையாகவே பேசப்பட்டிருக்கும். ஆகவே ஒரு வயலில் இட்டுப் பார்த்தோம், நன்றாக விளைந்தது என்பது சான்றாகாது. மண்ணின் வளம், நீர் பாயும் வசதி, நிழல், பூச்சி ஆகியவை நாம் ஒன்றும் செய்யாமலே வித்தியாசத்தை உண்டாக்கவல்லவை.

இருபதில் ஒன்று

1919-இல் ராதம்ஸ்டட்டில் பணியேற்ற ரொனால்ட் ஃபிஷர் இச்சிக்கலுக்கு வழி வகுத்தார். பரிசோதனையைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதை மனிதரின் விருப்பத்திற்கு விடாமல் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் வேண்டும். இவையே அவர் வற்புறுத்திய விதிகள். அதன்பின் ஒரு கேள்வி எழுகிறது. "இவ்வுரத்தினால் எப்பயனும் இல்லை என்றே வைத்துக் கொள்வோம். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசமோ இதற்கு மேற்பட்டதோ தற்செயலாகவே தோன்றுவதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு?" அவ்வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவாயின் வேறுபாடு "குறிப்பிடத்தக்கது" எனப்படும். இவ்வெல்லையை ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் வசதியான அளவாகக் கொண்டார். இது மனிதர் வகுத்துக் கொண்ட எல்லையேயன்றி இயற்கையின் நியதியன்று.

கணக்கு எளியது. ஒரு வயலை இரு பாதியாக்கி, நாணயம் சுண்டி, ஒரு பாதிக்கு மட்டும் புதிய உரம் இடுவதாகக் கொள்வோம். உரம் பயனற்றதாயினும் உரமிட்ட பாதி அதிகம் விளைவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு வயல்களிலும் அவ்வாறே நேர்வதற்கு நான்கில் ஒன்று; நான்கு வயல்களிலும் நேர்வதற்குப் பதினாறில் ஒன்று; ஆறு வயல்களிலும் நேர்வதற்கு அறுபத்து நான்கில் ஒன்று. ஆறு வயல்களும் ஒருமுகமாகச் சாட்சி சொன்னால் தற்செயல் என்று தள்ளிவிடுதல் கடினம். இரண்டு வயல்களின் சாட்சியோ போதாது.

அச்சொல் சொல்லாதவை

முதலாவது, குறிப்பிடத்தக்கது என்பது பெரியது என்று ஆகாது. நூற்றுக்கணக்கான பாத்திகளில் சோதித்தால் ஏக்கருக்கு ஐந்து கிலோ என்னும் சிறு வித்தியாசமும் "குறிப்பிடத்தக்கது" ஆகிவிடலாம். அந்த ஐந்து கிலோவின் விலை உரத்தின் விலைக்கு ஈடாகுமா என்பதே விவசாயியின் கேள்வி.

இரண்டாவது, வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இல்லை என்பதால் பயனே இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு. பாத்திகள் மிகச் சிலவாக இருந்தமையால் உண்மையான பயன் தென்படாமற் போயிருக்கலாம்.

மூன்றாவது, பயனற்ற இருபது பொருள்களைச் சோதித்தால், சராசரியாக அவற்றுள் ஒன்று தற்செயலாகவே எல்லையைத் தாண்டிவிடும். பத்தொன்பதை மறைத்து அந்த ஒன்றை மட்டும் அச்சிட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் இவ்வாறே எச்சரித்தது. இந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் கொண்டு முடிவெடுத்தலாகாது. அவ்வெண் பயனின் அளவைக் காட்டுவதுமன்று என்று அது கூறிற்று.

நெசவாளர்க்கும் இஃது ஒக்கும்

புதிய கஞ்சி போட்ட பாவில் இழை அறுவது குறைந்தது என்று ஒருவர் கூறுகிறார். அத்தறியில் அமர்ந்தவர் தேர்ந்த கைகாரராக இருந்திருக்கலாம். அன்று காற்றில் ஈரம் மிகுந்திருக்கலாம். நூலே நல்ல நூலாக இருந்திருக்கலாம். ஒரே கட்டு நூலில் இரு பாவுகள் ஓட்டி, எத்தறிக்கு எப்பாவு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, ஒரே நீளம் நெய்யும் வரையில் அறுந்த இழைகளை எண்ணி வரவேண்டும். பல தறிகளில் இவ்வாறு செய்த பின்னரே பேச்சுக்கு மதிப்பு உண்டாகும்.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

இனி இத்தகைய அறிக்கை ஒன்று கூட்டத்தில் படிக்கப்படுமாயின் ஐந்து கேள்விகளைத் தயங்காமல் எழுப்புக. எத்தனை வயல்களில் அல்லது தறிகளில் சோதித்தனர்? எதனுடன் ஒப்பிட்டனர்? இடத்தைத் தேர்ந்தது யார், சீட்டா, விற்பவரா? வெற்றி பெறாத சோதனைகளும் அறிக்கையில் உள்ளனவா? கிடைத்த மிகுதி எவ்வளவு, அதற்கான செலவு எவ்வளவு?

விடை கிடைக்கவில்லையெனில் முழுத் தொகைக்கும் சரக்கு வாங்கத் தீர்மானம் செய்யவேண்டுவதில்லை. விருப்பமுள்ள ஆறு அங்கத்தினரின் வயல்களில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கச் சிறு தொகை ஒதுக்கினால் போதும். பலர் ஒன்றுகூடிச் சோதிக்கும் வசதி தனி விவசாயிக்கு இல்லை, சங்கத்திற்கு உண்டு. அவ்வசதியைப் பயன்படுத்துவது நமது கடமை.