கன்வெர்ட்டரா, நேர் பைப்பா?

மேட்டில் கார் ஏறத் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. செக் இன்ஜின் விளக்கு வேறு அணையாமல் எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் பி0420 என்ற கோளாறுக் கோடு காட்டுகிறது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார். கம்பெனி பார்ட் போட்டா பெரிய செலவு. கழட்டிட்டு நேரா ஒரு பைப் வச்சு வெல்டு பண்ணிடலாம், வண்டி பறக்கும்" என்கிறார் மெக்கானிக்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பி0420 வந்தாலே கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று ஆகாது. புகையைச் சுத்திகரிக்கும் இந்தக் கன்வெர்ட்டருக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதைப் போலவே ஏறி இறங்கும் அளவைக் காட்டினால், உள்ளே வேலை நடக்கவில்லை என்று இன்ஜினின் கணினியான ஈசியூ முடிவு செய்கிறது. சென்சாரே கெட்டிருந்தாலும், புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே கோடு வரலாம். பிக்கப் குறைந்திருந்தால் முன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் அழுத்தம் ஏறி நிற்கும். கன்வெர்ட்டரைத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. அதற்குமேல் சோதனை தேவையில்லை.

கெட்டுப்போனது உறுதியானாலும் எதனால் கெட்டது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் வேறொன்றின் கோளாறுதான் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி இன்ஜின் மிஸ் அடித்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அந்தப் பீங்கானையே உருக்கிவிடும். இன்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பீங்கான் மேலுள்ள உலோகப் பூச்சில் படியும். ஈயமும் இப்படித்தான் அதை முடக்கும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது அதனால்தான். மூலக் கோளாறைச் சரிசெய்யாமல் புதிதாக எதை மாட்டினாலும் அதுவும் அதே வழியில் போய்விடும்.

இனி நேர் பைப். "வண்டி பறக்கும்" என்பது ஒரு வகையில் உண்மை. அடைத்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டால் இன்ஜின் மூச்சுவிடத்தான் செய்யும். ஆனால் அதே இடத்தில் புதிய கன்வெர்ட்டர் போட்டிருந்தாலும் அந்தப் பிக்கப் திரும்பியிருக்கும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினில், நல்ல கன்வெர்ட்டருக்கும் வெறும் பைப்புக்கும் உள்ள வித்தியாசம் ஊருக்குள் ஓட்டுகிறவர் காலுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

சட்டப்படி பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. புகைச் சோதனையில் பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது கடினம். செக் இன்ஜின் விளக்கு நிரந்தரமாக எரியும். நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் அதே விளக்குதான் என்பதால் உங்களுக்குத் தெரியாமல் போகும். வெல்டிங்கில் சிறு கசிவு இருந்தால், மணமோ நிறமோ இல்லாத அந்த கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரவும் வழியுண்டு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். வேலை செய்யாமல் போனாலும் அந்த உலோகம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பழைய கன்வெர்ட்டரை விலைகொடுத்து வாங்க ஆள் உண்டு. நிறுத்தியிருக்கும் மாருதி ஈகோ வண்டிகளின் அடியில் படுத்து இதை அறுத்துக்கொண்டு போகும் திருட்டுகள் நடப்பது இதற்காகத்தான். பைப்பை மலிவாகவோ கூலியில்லாமலோ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கழற்றியது எங்கே போகிறது என்று கேளுங்கள்.

மாற்றுவதென்றால் என் முதல் தேர்வு கம்பெனி பார்ட்தான், வாரண்டி இருக்கும் கார் என்றால் மறுபேச்சே இல்லை. பல பிஎஸ்6 கார்களில் கன்வெர்ட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு சேர்ந்தே வருவதால் விலை கூடும். ஆனால் அளவும் சென்சார் இடமும் பிசகாமல் பொருந்தும்.

வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய காருக்கு நியாயமான நடுவழி. மிக மலிவானவற்றில் உலோகப் பூச்சு மெலிதாக இருக்கும். சில மாதத்தில் பி0420 திரும்பிவிடும். எந்த மாடலுக்கு, எந்த பிஎஸ் தரத்துக்குச் செய்தது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா, எழுத்தில் வாரண்டி தருகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் பழைய கன்வெர்ட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எவ்வளவு ஆயில் குடித்தது என்று வெளியிலிருந்து தெரியாது. திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் லேசான கரிக்கு ஓரளவு உதவும். உருகியதற்கும் உடைந்ததற்கும் பயனில்லை.

எதைப் போட்டாலும் வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்கேனரில் பி0420 கோடை அழித்து, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கே ஒரு புகைச் சோதனையும் எடுத்து அந்தச் சீட்டைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது கையில் காட்ட ஆதாரம் இருக்கும்.