நாம் இல்லாத வேளையிலும் நடக்கவேண்டியவை: பராமரிப்பும் முகாமைத்துவமும்

நிறுவனம் என்றதும் கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் இலுப்பைக்கடவை போன்ற ஓர் ஊரின் கடற்றொழிலாளர் சங்கமும், மாதர் சங்கமும், முன்பள்ளியும், கிராமத்து வைத்தியசாலையும் நிறுவனங்களே. இவை ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். வேலை ஒழுங்காக நடக்கின்றதா? வருகின்றவர் மனிதராக நடத்தப்படுகின்றாரா? முதலாவது செயற்பாட்டு முகாமைத்துவத்தின் கேள்வி; இரண்டாவது தாதியத் தத்துவத்தின் கேள்வி. இவ்விரண்டும் பகையா, துணையா என்பதே இப்பாடத்தின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி முதியவர் ஒருவரை நகரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். விடியற்காலை பஸ் ஏறினோம். துண்டு எடுக்க ஒரு வரிசை, வைத்தியரைக் காண ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. மூன்றாவது வரிசையில் அவரது கோவையைக் காணவில்லை. தாதி ஒருவர் அலுமாரி அலுமாரியாகத் தேடினார். அவர் அன்பில்லாதவர் அல்லர். மதியம் வரை அவர் ஒரு தேநீர் தானும் அருந்தவில்லை. இறுதியில், "இன்னொரு நாளைக்கு வாங்கோ ஐயா" என்றார். திரும்பும் வழியில் முதியவர், "சுவாமி, இனி என்னைக் கூப்பிடாதேங்கோ" என்றார். அதன்பின் அவர் போகவேயில்லை. அன்று அங்கே குறைவாயிருந்தது அன்பன்று, ஒழுங்கு.

1. தாதியத்துக்கு முகாமைத்துவம் புதியதன்று

புளோரன்ஸ் நைற்றிங்கேலை விளக்கேந்திய மாதாகவே நாம் அறிவோம். 1854இல் அவர் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். விளக்குடன் வலம் வந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. சமையலறை, சலவை, துப்புரவு, பொருள் விநியோகம் ஆகியவற்றையும் சீர்செய்தார். இறப்புக்களைக் கணக்கிட்டு வரைபடமாக்கினார். 1859இல் தாதியம் பற்றி எழுதிய நூலில், சிறு முகாமைத்துவத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். அதன் சாரம் இதுதான்: நீ இருக்கும்போது செய்வது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிடில், உனது அர்ப்பணிப்பு நோயாளியைக் காப்பாற்றாது.

பிற்காலத்தில் அமெரிக்கத் தாதியான வேர்ஜினியா ஹென்டர்சன் தாதியத்தின் நோக்கத்தைத் தெளிவுபடுத்தினார். பலமும் மனவுறுதியும் அறிவும் இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாத வேளையில் அவருக்குச் செய்ய உதவுவதும், அவர் விரைவில் தம் காலில் நிற்கச் செய்வதுமே தாதியம் என்றார். அபிவிருத்திப் பணியின் இலக்கணமும் இதுவேயன்றோ!

2. கொழும்பில் ஓர் உதாரணம்

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், வைத்தியர் விமல் கரந்தகொட பணிப்பாளராயிருந்தபோது, 2000ஆம் ஆண்டில் யப்பானியத் தொழிற்சாலைகளின் "ஐந்து எஸ்" முறை புகுத்தப்பட்டது. வேண்டாதவற்றை அகற்றுதல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், சுத்தம் செய்தல், இம்மூன்றையும் நியமமாக்குதல், நியமத்தைப் பழக்கமாக்குதல் என்பனவே அந்த ஐந்து. பெரிய இயந்திரங்கள் தேவைப்படவில்லை. பெயர்ச்சீட்டு, நிறக்குறியீடு, பொருளுக்கோர் இடம், எல்லாத் தரத்து ஊழியரும் கூடிப் பேசும் சிறு குழு ஆகியவை போதுமாயின. 2007இல் யப்பானின் ஜெய்க்கா நிறுவனம் ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்காகத் தொடங்கிய திட்டத்துக்கு இவ்வைத்தியசாலையே முன்மாதிரியாயிற்று.

3. மதுரையில் ஓர் உதாரணம்

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி, அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். அங்கே சத்திரசிகிச்சை அறையில் ஒரு வைத்தியருக்கு இரு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றையதில் அடுத்த நோயாளரைத் தாதியர் ஆயத்தம் செய்கின்றனர். வைத்தியரின் நேரம் வீணாவதில்லை. அத்தாதியருட் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து தெரிவுசெய்யப்பட்டு, அங்கேயே இரண்டு ஆண்டுகள் பயிற்றப்பட்ட இளம் பெண்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளை 1992 முதல் தமது ஓரோலாப் ஆலையிலேயே செய்து செலவைக் குறைத்தனர். பணம் செலுத்துவோரின் வருமானத்தால் ஏழைகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்வை பெறுகின்றனர். இங்கே வேகம் இலாபத்துக்கன்று, ஏழைக்காக.

4. எச்சரிக்கை

எனினும் ஓர் ஆபத்து உண்டு. எண்ணக்கூடியதை மாத்திரம் எண்ணும் பழக்கம் நிறுவனங்களுக்கு உண்டு. எத்தனை ஊசி, எத்தனை கட்டு என்பன பதிவேட்டில் வரும். இறக்கும் தறுவாயில் இருப்பவரின் கையைப் பிடித்தபடி தாதி கழித்த பத்து நிமிடம் அதில் வராது. தொழிற்சாலைப் பொருள் பயப்படுவதில்லை, நோயாளி பயப்படுகின்றார். எனவே எந்தச் சீர்திருத்தத்தையும் ஒரே கேள்வியால் சோதிப்போம்: இதனால் மிச்சமாகும் நேரம் எங்கே போகின்றது? அது நோயாளியிடம் திரும்பினால் முகாமைத்துவம் பராமரிப்பின் துணை. ஆட்களைக் குறைத்து எஞ்சியோர்மீது சுமை ஏற்றினால் அது பராமரிப்பின் பகை.

5. நமது சங்கங்களில்

செயலாளர் மன்னாருக்குப் போனால் அலுமாரித் திறப்பும் அவரோடு போகின்றது. கடன் கேட்டு வந்த தாய், ஒரு நாட் கூலியை இழந்து திரும்புகின்றாள். இதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் செய்யலாம்.

அ. வருபவர் வாசலில் நுழைந்ததுமுதல் வெளியேறும்வரை எங்கெங்கே காத்திருக்கின்றார் என ஒரு நாள் அவரோடு நடந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஆ. பதிவேடு, முத்திரை, திறப்பு, மருந்துப்பெட்டி ஆகியவற்றுக்கு நிரந்தர இடம் குறியுங்கள். அது குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இ. பொறுப்பாளர் இல்லாத நாளில் யார் என்ன செய்வது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சிந்தனைக்கு

1. எமது சங்கத்துக்கு ஒருமுறை வந்து, பின் வராமலே விட்டவர் யார்? ஏன்?

2. எமது வேலையில் எண்ணப்படாத, ஆனால் மிக முக்கியமான பணி எது?

3. நாளை நான் இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?

மூன்றாவது கேள்விக்குரிய விடையை அடுத்த கூட்டத்துக்குள் எழுதி வாருங்கள். வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.